பத்தடி தூரம்

மாமாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த பிறகு, "இனிமே வெல்டிங் வேண்டாம். அந்த கரண்டு பேஸ்மேக்கரைக் குழப்பிடும். ஓடுற மெஷினை விட்டுப் பத்தடி தள்ளியே இருங்க," என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மாமா என் அக்காவின் கணவர். முப்பத்தொரு வருஷமாக வெல்டர். பட்டறையில் நான் அவருக்குக் கூட்டாளி.

"எனக்குள்ளயே இப்ப கரண்டு ஓடுதே டாக்டர், இதை எங்க தள்ளி வைக்கிறது?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்றரை மாதம் இடது கையைத் தூக்கக்கூடாது. அக்காதான் சட்டை மாட்டிவிட்டாள். பேஸ்மேக்கர் பக்கம் செல்போனை வைக்கக்கூடாது; பழக்க தோஷத்தில் சட்டையின் இடது பையில் போட்டுவிட்டு, சூட்டைத் தொட்டவர்போல் பதறி எடுப்பார். அந்தப் பதற்றத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பயம் ஒட்டிக்கொண்டது.

கை சரியானதும் பட்டறைக்கு வர ஆரம்பித்தார். அளவு எடுக்கலாம், ஒட்டு சரியா என்று பார்க்கலாம், வேலைக்காரர்களைத் திட்டலாம்; வாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் நான் முந்திக்கொண்டேன். மாமா தலை கேட்டில் தெரிந்தாலே எல்லா மெஷினையும் அணைத்துவிடச் சொல்லியிருந்தேன். அவர் மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

"ஏன்டா நிறுத்துறீங்க? பத்தடிதானே சொன்னாங்க?"

"உங்க உயிரோட விளையாட முடியாது மாமா," என்றேன் கறாராக.

அந்த மூலைக்கும் மெஷினுக்கும் பதினைந்து அடியாவது இருக்கும். கம்பியை அரை மில்லி பிசகாமல் வெட்டுகிற நான் அதை அளந்து பார்க்கவில்லை. டேப் என் இடுப்பிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய கேட்டை முடித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. மாமா வந்தார், மெஷின் நின்றது. "இன்னைக்கு முடிஞ்ச மாதிரிதான்," என்று வேலைக்காரர்களில் ஒருவர் முனகியது அவர் காதில் விழுந்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று.

"மெஷினைப் போட்டுக்கங்கப்பா. எனக்கு வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு," என்று கிளம்பினார். அதற்குப் பிறகு வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மனசு கேட்காமல், ஒரு மத்தியானம் அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா, "என்னடா, அவரை அங்க விட்டுட்டு நீ மட்டும் வந்திருக்க?" என்றாள்.

"யாரை?"

"உங்க மாமாவைத்தான். தினமும் சாப்பாடு கட்டிக்கிட்டு பட்டறைக்குத்தானே வர்றாரு!"

அவளிடம் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு ஓடினேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. பட்டறைக்கு நேர் எதிரே, பஸ் ஸ்டாப்பில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா. வெல்டிங் பார்க்கிற கருப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு எங்கள் பட்டறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் திரும்பவில்லை.

"காலையிலேர்ந்து வெளிச்சம் நிக்கவே இல்லடா. வேலை நல்லா நடக்குது போல," என்றார்.

"உள்ள வாங்க மாமா. நான் அளந்து ஸ்டூல் போடுறேன்."

"வேணாம்டா. நான் வந்தா அணைச்சிருவாங்க," என்றார். "இங்கேருந்தே நல்லாத் தெரியுது."