நான்கு மணிக்குள் ஒரு மருத்துவமனை

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் இலையுதிர் காலம். என் கணவரின் பாதங்களில் தொடங்கிய மரமரப்பு பத்தே நாளில் நெஞ்சுவரை ஏறிவிட்டது. மூச்சு விடும் தசைகளும் நின்றன. கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். வென்டிலேட்டர் அவருக்காக மூச்சு விட்டது. நினைவு முழுசாக இருந்தது, கண்களும் இமைகளும் அசைந்தன, அவ்வளவுதான். நரம்புகள் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, நோயாளிகளை அடுத்த இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடுகளைப் பார்க்கும் கேஸ் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஐ.சி.யு.வில் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது, இப்படி நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருக்க வேண்டியவர்களுக்கென்றே தனி மருத்துவமனைகள் உண்டு என்று சொல்லி, இரண்டு பெயர்கள் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார்.

“வியாழக்கிழமை நாலு மணிக்குள் சொல்லுங்கள். அதற்கு மேல் அங்கே உங்களுக்காகப் படுக்கையை வைத்திருக்க மாட்டார்கள். கேள்வி ஏதாவது இருக்கிறதா?”

“இல்லை” என்றேன்.

இருந்தன. ஆனால் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எட்டு வயதிலிருந்து ரேஷன் கார்டு விண்ணப்பம், பேங்க் சலான், பத்திர ஆபீஸ் தாள் எல்லாவற்றையும் வீட்டுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். புரியவில்லை என்று நான் சொன்னால் அங்கே அடுத்துக் கேட்க ஆள் கிடையாது. அதனால் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து புரிந்துகொள்வேன். அதே தலையாட்டலோடுதான் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

கடல் கடந்து வந்த எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் முதல் ஃபோன் டாக்டர் அங்கிளுக்குத்தான் போகும். அன்று மாலையே வந்துவிட்டார். படுக்கையருகே நின்று என் கணவரிடம், “என்னப்பா, நல்லா ரெஸ்ட் எடுக்கறியா?” என்று சிரித்தார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“அவன்கிட்ட இதெல்லாம் சொல்லாதம்மா. பயந்துடுவான். ஷிஃப்ட் பண்ணப்புறம் பாத்துக்கலாம். மொத இடம் உங்க மான்மவுத் ஜங்ஷன் வீட்லேருந்து இருபது நிமிஷம். புதுசு, க்ளீனா இருக்கும். இன்னொண்ணு எதுக்கு? டர்ன்பைக் ஹைவேல ஒன்றரை மணி நேரம் நீ டிரைவ் பண்ணணும்.”

“ரெண்டையும் போய்ப் பாத்துட்டு முடிவு பண்றேன் அங்கிள்” என்றேன். கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன்.

செவ்வாயன்று முதல் இடம். வரவேற்பறையில் சின்ன நீரூற்று, தரையெல்லாம் கார்ப்பெட், தனித்தனி அறை. சுற்றிக்காட்டிய பெண், சைவச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்யலாம் என்றார். குழாய் வழியாக உணவு இறங்குகிற மனிதருக்கு எதற்குச் சைவச் சாப்பாடு என்று எனக்கு உறைக்கவே இல்லை. அக்கறையானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். புதனன்று இரண்டாவது இடம். பழைய செங்கல் கட்டடம். உள்ளே நுழைந்ததும் பினாயில் நெடி. ஓர் அறைக்கு இரண்டு படுக்கைகள். ஒரு நோயாளி திணறுகிற சத்தம் கேட்டுப் பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

வியாழன் இரண்டு மணிக்கு, முதல் இடம் என்று கேஸ் மேனேஜரிடம் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். இவரிடம் போய், “எல்லாம் நல்லாப் போயிட்டிருக்குங்க” என்றேன். ஐந்து வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு ட்ரிப் மாற்ற வந்த நர்ஸ், “நாளைக்குப் போவது அவருக்குத் தெரியும்தானே?” என்று சாதாரணமாகக் கேட்டார். இவருடைய கண்கள் என் பக்கம் திரும்பின.

நர்ஸ் எழுத்துப் பலகையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆங்கில எழுத்துகளின் மேல் விரலை நகர்த்தினால், வேண்டிய எழுத்து வரும்போது இமைப்பார். அந்த எழுத்துகளை வைத்தே எங்கள் தமிழைச் சேர்ப்போம்.

“எங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். இரண்டு இடங்களையும், நான் போய்ப் பார்த்ததையும், டாக்டர் அங்கிள் மறைக்கச் சொன்னதையும் சொன்னேன். நீரூற்றைப் பற்றியும் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்தார். நான்கைந்து நிமிடம் ஆயிற்று, ஒவ்வொரு எழுத்தாக.

“ஃபவுண்டன்ல குளிக்கவா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

“ட்யூப் யார் எடுப்பாங்க?”

வென்டிலேட்டரிலிருந்து அவரை யார் விடுவிப்பார்கள் என்ற அந்த ஒரு கேள்வியை நான் இரண்டு இடத்திலும் கேட்டிருக்கவில்லை. மூன்று இருபத்தைந்து.

கேஸ் மேனேஜரின் அறைக்கு ஓடினேன். “தப்புப் பண்ணிட்டேன். எனக்கு இது புரியல. நான் ஒரு ஃபோன் பண்ணணும்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அறையில் யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. அவர் ஃபோனை என் பக்கம் தள்ளினார்.

முதல் இடத்தில் அதே பெண்தான் எடுத்தார். வென்டிலேட்டரின் உதவியை எப்போது குறைக்கத் தொடங்குவீர்கள் என்றேன். நோயாளி சௌகரியமாக இருப்பதுதான் முக்கியம் என்றார். மறுபடியும் கேட்டேன். மருத்துவர் வாரம் இரண்டு முறை வருவார், அவர் பார்த்துச் சொல்வார் என்றார்.

இரண்டாவது இடத்தில் காத்திருக்க வைத்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்தைந்து. ஐம்பது. கடைசியில் மூச்சு சிகிச்சையாளர் ஒருவர் லைனில் வந்தார், மூச்சிரைத்துக்கொண்டு. நேற்று வந்து பாதியில் திரும்பியதைச் சொல்லி, அதே கேள்வியைக் கேட்டேன்.

“வந்த மறுநாள் காலையிலேயே இயந்திரத்தைக் கழற்றுவோம். இரண்டே நிமிடம். முடியாவிட்டால் மாட்டிவிட்டு மறுபடி. நீங்கள் கேட்டிருப்பீர்களே அந்தத் திணறல் சத்தம், அது அதுதான். எல்லாரும் வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்துவிடுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவரால் பேச முடியுமா?”

“இமைப்பார். ஒரு பலகை இருக்கிறது.”

“அதை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.”

ஓடிப் போய் இவரிடம் சொன்னேன். அவர் ஒரு முறை இமைத்தார். ஆமாம் என்று அர்த்தம். நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கேஸ் மேனேஜரிடம் தாளை அடித்து, இரண்டாவது இடம் என்று திருத்தினேன்.

அங்கிளுக்கு மாலையில் சொன்னபோது, “உன் இஷ்டம்மா” என்றார். பல நாள் பேசவில்லை.

சனிக்கிழமை காலை, அந்தப் பினாயில் வாசனைக்குள், சிகிச்சையாளர் கழுத்திலிருந்து இயந்திரத்தின் குழலைக் கழற்றினார். இவருடைய நெற்றி வியர்த்தது. கழுத்தெலும்புக் குழியெல்லாம் உள்ளே இழுத்தது. நான் கேட்டுத் திரும்பி வந்த அதே சத்தம் என் கணவரிடமிருந்து வந்தது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. முகம் வெளிறியதும் மாட்டிவிட்டார்.

நிறம் திரும்பியதும் இவர் பலகையைப் பார்த்தார். விரலை நகர்த்தினேன். மூன்று எழுத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“இன்னொரு தடவையா?” என்றேன்.

ஒரு முறை இமைத்தார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் சிகிச்சையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மூச்சு வாங்கட்டும். பதினோரு மணிக்கு” என்றார்.