தேசப்பனும் கௌதமனும் மோதியிருந்தால்...

மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் எங்கள் கேன்டீனில் சாம்பார் வாசனை காணாமல் போய்விடும். கேஸ் நாற்றம்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவோம்... அப்போதுதான் பாக்ஸிங்கும் நடக்கும்.

நிஜச் சண்டை இல்லை. வாய்ச்சண்டை!

திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்த புதிது. எனக்கு இருபத்திரண்டு வயது. மதியம் யாராவது இரண்டு பழைய பாக்ஸர்கள் பேரைச் சொல்லி, "இவங்க ரெண்டு பேரும் மோதிகினா?" என்று கொளுத்திப் போடுவார்கள். ஆளுக்கொரு வக்கீல். மூன்று ரவுண்டு பேச வேண்டும். நம்ம ஆள் எந்தக் கையில் அடிப்பான், எப்படி ஒதுங்குவான் என்று எழுந்து நின்று செய்து காட்ட வேண்டும். பரிமாறுகிற பாக்கியம் அக்காதான் ஜட்ஜ். ஜெயித்தவர் தட்டில் ஒரு கரண்டி பொரியல் கூடுதலாக விழும்.

எல்லாமே லைட்வெயிட்தான். அறுபது கிலோ. எங்கள் பக்கம் வலை இழுக்கிறவனும் மூட்டை தூக்குகிறவனும் அந்த எடையில்தான் இருந்தான். ஹெவிவெயிட்டுக்கு நாங்கள் எங்கே போவது?

எத்தனை ஜோடி மோதினாலும் கடைசியில் அந்த ஒரு ஜோடியில் வந்து நிற்கும். வியாசர்பாடி கௌதமன், காசிமேடு தேசப்பன். கௌதமனுக்கு வக்கீல் வெல்டர் டில்லி அண்ணன், அதே ஏரியாக்காரர். தேசப்பனுக்கு நான். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

கௌதமனுக்குக் கால் தரையிலேயே படாது என்பார் டில்லி அண்ணன். மழைத்தண்ணீரில் செங்கல் போட்டு நடக்கிற மாதிரி டக் டக்கென்று தாண்டிக் காட்டுவார். நான் விடுவேனா... தேசப்பன் மாமாவின் இடது கையை இறக்குவேன். வலை இழுத்த தோள். விலாவில் ஒன்று வாங்கினால் எதிராளி குனிந்தபடியேதான் வீட்டுக்குப் போவான்.

இரண்டு ரவுண்டு என் பக்கம்தான் இருக்கும். மூன்றாவதில் டில்லி அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

"எல்லாம் சர்தான் மாமு. உங்காளு ரிங்குக்கே வர்லியே! பயந்து ஓடிப் பூட்டான்ல?"

கேன்டீனே சிரிக்கும்.

அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு ராயபுரத்தில் இருவரும் ஃபைனலில் மோத வேண்டியது. காலையில் எடை பார்த்தபோது தேசப்பன் மாமா ஒரு கிலோ அதிகம். சேர்க்கவில்லை. பயத்தில் தின்று எடையை ஏற்றிக்கொண்டான் என்று ஊர் பேசியது. அதோடு அவர் கிளவுஸைத் தொடவே இல்லை.

ஒருநாள் ஆற்றாமையில் இதை நைனாவிடம் சொல்லிப் புலம்பினேன். நைனா காசிமேட்டில் போட்டுக்காரர்களிடம் மீனை எடை போட்டு வாங்கும் வியாபாரி. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மொத நாள் சாயங்காலம் நம்ம தராசு மேலதான் ஏறி நின்னான்டா. கரெக்டா அறுபது காட்டிச்சு. போய் ஜெயிச்சுட்டு வாடான்னு நான்தான் அனுப்பினேன்."

எங்கள் தராசு கூடைக்கு ஒரு கிலோ குறைத்துக் காட்டும். மீனில் இருக்கும் தண்ணீருக்குக் கழிவு என்று நைனா மனதைத் தேற்றிக்கொள்வார். போட்டுக்காரர்களுக்குச் சந்தேகம் உண்டு. தேசப்பன் மாமாவே அதில் மீன் போட்டு முணுமுணுத்தவர்தான். ஆனால் மீன் எடையில் ஏமாற்றும் தராசு மனுசன் எடையிலும் ஏமாற்றும் என்று அன்றைக்கு அவருக்கும் தோன்றவில்லை, நைனாவுக்கும் தோன்றவில்லை!

"வெளிய சொல்லிடாத. சொன்னா எவன் நம்மகிட்ட கூடை எறக்குவான்? உங்கக்கா கல்யாணம் வேற கீது."

மறுநாள் டில்லி அண்ணன் அதே வார்த்தையைச் சொன்னார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அப்புறம் தேசப்பன் மாமாவுக்காக நான் பேசவே இல்லை.

முப்பத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது அந்தச் சண்டை வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது. உலகத்து பாக்ஸர்கள் எல்லோருக்கும் வீடியோ கிடைக்கிறது. இவர்கள் இருவருக்கும் ஒரு போட்டோகூட இல்லை. போன வாரம் டில்லி அண்ணன் மறுபடியும் "ஓடிப் போன பார்ட்டி" என்று போட்டார். கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

நைனாவிடம் படித்துக் காட்டினேன். எண்பது தாண்டிவிட்டது.

"இன்னும் அதையேதான் பேசிகினு கீறாங்களா?" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, "வண்டிய எடு" என்றார்.

தேசப்பன் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நைனா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அடிப்பார், திட்டுவார் என்று பயந்தேன். அவர் நைனாவையே பார்த்தார்.

"அப்ப... அந்தத் தண்ணி இல்லியா?"

எங்களுக்குப் புரியவில்லை.

"எடை பாக்கறதுக்கு மொத நாள் தண்ணிகூட குடிக்காம கெடந்தேன். ராத்திரி எம் பொஞ்சாதி கமலாதான் மனசு கேக்காம ஒரு சொம்பு குடுத்தா. அதாலதான் எடை ஏறிச்சுன்னு அவ இருந்த வரைக்கும் அவளைச் சொல்லிச் சொல்லிக் காட்டிகினு இருந்தேன். சாவுறப்பகூட, 'அன்னிக்கு அந்தத் தண்ணிய நான் குடுத்திருக்கக் கூடாது'ன்னாடா அவ."

நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த மன்னிப்பு.

நைனா சொல்லித்தான் இதை எழுதுகிறேன். டில்லி அண்ணே, அவர் ஓடவில்லை. இன்றைக்கு இதை ஒரே நிமிடத்தில் நூறு பேருக்கு அனுப்பிவிட முடிகிறது. அன்றைக்குக் கேன்டீனில் இருபது பேர் காதில் போட்டிருந்தாலே போதும்... சாயங்காலத்துக்குள் காசிமேடு வந்து கமலா அத்தை காதிலும் விழுந்திருக்கும்.