வாசலில் ஒரு பள்ளம்

அவர் இருபத்தொன்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். அந்த இருபத்தொன்பது வருடமும் அவர் மனைவிக்கு ஒரே பயம்தான்: கதவு திறந்திருக்கும், லிஃப்ட் இருக்காது, மனுஷன் ஏதோ நினைப்பில் காலை வைத்துவிடுவார். சாயங்காலம் யாராவது கதவைத் தட்டினால், அவரோடு வேலை செய்கிற ஆள் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார் என்று எண்ணியபடியேதான் திறப்பாள். அவரே நிற்பதைப் பார்த்ததும், "வந்தாச்சா? சரி, கையைக் கழுவுங்க" என்று உள்ளே போய்விடுவாள்.

அவர் ஓய்வு பெற்ற மறு வருடமே அவளுக்கு மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பு மறந்தது, பிறகு தெரு, பிறகு பெற்ற மகள். புருஷனை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து நிமிஷத்துக்கொரு "என்னங்க" வந்துகொண்டே இருக்கும்.

அவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. கேஸ் அடுப்பின் திருகுகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கழிப்பறைக் கதவுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தார். கண்ணாடியில் தெரிகிற பெண்மணியோடு அவள் சண்டைக்குப் போக ஆரம்பித்ததும், அதற்கு ஒரு தலையணை உறையை மாட்டிவிட்டார். துணி அலமாரியின் கதவுகளையும் எடுத்துவிட்டார். எல்லாம் கண்ணில் பட்டதால் அவளே எடுத்து உடுத்திக்கொண்டாள், சில நாள் ஒன்றின் மேல் ஒன்றாக.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் கேலி செய்தாள். "அது வீடாப்பா, இல்ல உங்க ஒர்க்‌ஷாப்பா?"

"ரெண்டும்தான். நீ வா, உனக்கும் ஒரு கோட் பெயிண்ட் அடிச்சு விடுறேன். அம்மாவுக்கு அடையாளமாவது தெரியும்."

மகள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை அம்மா வெளியே போய்த் தொலைஞ்சாங்கன்னா, நீங்க என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன். காப்பகத்துல சேர்த்துடுவேன்."

வாசல் கதவைப் பூட்டிவைத்தால் அவள் தட்டுகிற தட்டில் அக்கம்பக்கமே எட்டிப்பார்த்தது. அப்போதுதான் யாரோ சொன்னார்கள்: இந்த நோய் வந்தவர்களில் சிலருக்குத் தரையில் கறுப்பாக எது கிடந்தாலும் பள்ளமாகத் தெரியுமாம், தாண்ட மாட்டார்களாம். லிஃப்ட் தரைக்குப் போடும் கறுப்பு ரப்பரில் ஒரு துண்டு பரண்மேல் கிடந்தது. கதவின் அகலத்துக்கு அளவெடுத்து வெட்டி, கால் தடுக்காதபடி விளிம்பைச் சீவி ஒட்டினார்.

அவள் வந்தாள், குனிந்து பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். அவர் உடனே மகளுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மாத்திரை தீர்ந்திருந்தது. மருந்துக்கடை தெருமுனையில்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, கறுப்பின் மேல் சாதாரணமாகக் காலை வைத்தார். பின்னாலிருந்து "என்னங்க, என்னங்க" என்று குரல் வந்தது. எப்போதும் கூப்பிடுகிறதுதானே என்று, "இதோ வந்துட்டேன்" என்றபடி கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது அவள் ரப்பரின் ஓரத்தில் மண்டியிட்டு, அதற்குள் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க அவரோட வேலை செய்றவரா?"

"நான்தாம்மா. பாரு என்னை."

"பரவாயில்லண்ணே, சொல்லுங்க. விழுந்துட்டாரு இல்ல?"

ரப்பரை அந்த நிமிஷமே பிய்த்துத் தெருக்குப்பையில் கொண்டுபோய்ப் போட்டார். பயனில்லை. மாலையில் ஒரு யோசனை வந்தது. பழைய சீருடையை மாட்டிக்கொண்டு வெளியே போய், வேலை முடிந்து வருகிறவர்போலக் கதவைத் தட்டினார். அவள் திறந்தாள், சீருடையைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அவ்வளவு வருடம் பயந்து திறந்த கதவு அது.

அதன் பிறகு அவர் இருக்கும் அறையில் படுக்க மாட்டேன் என்றாள். ஊட்டப்போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றபடி மரியாதைக்குக் குறைவில்லை. "வீட்டுக்குப் போங்கண்ணே, உங்க சம்சாரம் தேடுவாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வீடு முழுக்கத் தேடிப்பார்த்தார், கழற்றவோ மாட்டவோ எதுவும் மிச்சமில்லை.

கடைசியில் அவரேதான் மகளைக் கூப்பிட்டார்.

"மறுபடியும் வெளியே போயிட்டாங்களா?"

"எங்கேயும் போகலை. என்னோட இருக்க மாட்டேங்கிறா."

மகள் காப்பகத்தின் விவரங்களைச் சொன்னாள். இடம் காலியாக இருக்கிறது. புதன்கிழமை காலை அவள் காரோடு வருகிறாள்.