ஒரு கூரையின் சிவப்பு

தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்த புதிதில், சாலைக் கடைத்தெருவில் கூலிக்கு ஓர் அரிசி மூட்டையைத் தூக்கினேன். சங்கத்துச் சுமட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் அங்கே மூட்டையைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. நான்கு பேர் சேர்ந்து அடித்தார்கள். ஒரு பல் போனது, மூக்கு உடைந்தது. தெருவோரம் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் கடைத்தெருவை வரைந்துகொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் காலடியில் போய் விழுந்தேன்.

மிதிக்க வந்தவன் படத்தை எட்டிப் பார்த்தான். ஓட்டுக்கூரைகள், தென்னைகள், வெயில். ஆளே இல்லை.

"எடா பாண்டி, இதுல நீயும் இல்ல, ஞானும் இல்லல்லோ!" என்று சிரித்தவன், என்னைத் தூக்கி நிறுத்தினான்.

அவள் நிமிரவே இல்லை. படத்தில் தெறித்திருந்த என் ரத்தத்தை ஈரத் தூரிகையால் கரைத்து, ஒரு கூரைக்குப் பூசிவிட்டாள்.

அவள் நாட்டில் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் இதை அமைதியான ஊர் என்றே நம்புவார்கள். பிறகு எத்தனையோ ஊர்களில் அலைந்துவிட்டேன். எங்கே அழகான படத்தைக் கண்டாலும், முதலில் கூரைகளின் சிவப்பைத்தான் உற்றுப் பார்க்கிறேன்.