சனிக்கிழமை மட்டும் இருளும் திரை

தேசங்காவின் பழைய மடிக்கணினி வாரம் முழுக்க ஒழுங்காகத்தான் வேலை செய்யும். செய்தி காட்டும், சமையல் காட்டும், சீட்டாட விடும். சனிக்கிழமை மாலை திஹோமிர் வீடியோவில் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசியதும் திரை கருத்துப்போகும். இப்படி ஆள் பார்த்துச் சதி செய்கிற கணினி நீஷ் நகரத்தில் வேறு யார் வீட்டிலும் இருந்திருக்காது.

காலுறை ஆலையில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவள் தேசங்கா. கணவர் காலமாகி வெகுநாளாகிறது. பென்ஷன், பால்கனியில் மிளகாய்த் தொட்டிகள், கீழ்வீட்டுக்காரியோடு காலைக் காபி என்று நிறைவாகத்தான் இருந்தாள். போன இலையுதிர் காலத்தில் மூட்டுவலிக்கு வெந்நீர் ஊற்றுச் சிகிச்சைக்குப் போன ஊரில்தான் வடக்கே தொலைவிலுள்ள சுபோதிட்சா ஊர்க்காரர் திஹோமிர் பழக்கமானார். மனைவியை இழந்தவர், கலகலப்பாகப் பேசுபவர், ஆனால் பொல்லாத ரோஷக்காரர்.

"பேசப் பிடிக்கலேன்னா சொல்லிடுங்க தேசங்கா. மூஞ்சில அறைஞ்ச மாதிரி கணினி மூடியச் சாத்தாதீங்க. அடுத்த தடவையும் இப்படித்தான்னா, நான் இனிமே கூப்பிடவே மாட்டேன்" என்று போன வாரம் தொலைபேசியில் பொரிந்து தள்ளிவிட்டார். அவள் சொன்ன எதையும் நம்பவில்லை. அன்று முழுக்க அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

தரைத்தளத்தில் கணினி ரிப்பேர் கடை வைத்திருக்கும் நேனாத் ஏற்கெனவே மூடியை எல்லாக் கோணத்திலும் சாய்த்துப் பார்த்து, டிவியில் இணைத்துப் பார்த்து, கீல் வழியாகப் போகும் வயரையும் மாற்றியிருந்தான். கடையில் பழுது ஒருமுறைகூட வரவில்லை. "சனிக்கிழமை நானே வந்து பக்கத்துல உக்காந்து பாக்கறேன்க்கா" என்றான்.

தேசங்காவுக்குத் திக்கென்றது. திஹோமிர் விஷயம் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. நேனாத் வாயில் விழுந்தால் ரொட்டிக் கடை வரை போய்விடும். ஆனால் மானம் போவதைவிட மனுஷர் போவது பெரிதாகப் பட்டது. வரச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை அவன் வந்ததும் விருந்தாளிக்கு வைக்கிற பிளம்பழப் பாகும் தண்ணீரும் வைத்தாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"யாருக்கா பேசப்போறது?"

"ஒண்ணுவிட்ட அண்ணன்."

"அண்ணனுக்கா இம்புட்டு உதட்டுச்சாயம்? நல்ல குடும்பம்!"

அழைப்பு வந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் திஹோமிர் தெரிந்தார். "இன்னிக்காவது கடைசி வரைக்கும் முகத்தக் காட்டுவீங்களா?" என்றார். தேசங்கா ஆசையாக முன்னால் சாய்ந்து, கையைக் கணினி மேல் ஊன்றினாள். திரை கருத்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நேனாத் டார்ச் அடித்துக் கருந்திரையைப் பக்கவாட்டில் பார்த்தான். திரைக்குள் இருக்கும் விளக்கு மட்டும் போயிருந்தால் படம் மங்கலாகவாவது தெரியும். ஒன்றும் தெரியவில்லை. ஓரத்திலிருந்த குட்டி விளக்கு மட்டும் மெதுவாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது கெட்டுப்போகல. தூங்கிடுச்சு. மூடியச் சாத்திட்டீங்கன்னு நெனச்சுக்கிச்சு."

"நான் மூடியத் தொடவே இல்லையே!"

"மூடியில சின்னதா ஒரு காந்தம் இருக்கும். அது கீபோர்டு கிட்ட வந்தாத்தான் தூங்கும்." பேசிக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பார்த்தான். "கையில என்னது?"

"காந்தக் காப்பு. ரத்த அழுத்தத்துக்கு நல்லதாம்."

"கடைக்கு வந்தப்ப காணோமே?"

"சனிக்கிழமைதான் போடுவேன்."

"ஓஹோ. அழுத்தமும் சனிக்கிழமைதான் வருமோ?"

தேசங்காவின் முகம் காதுவரை சிவந்தது. "அவர் அனுப்பினதுடா" என்றாள். அண்ணன் கதை அத்தோடு முடிந்தது.

அவள் கையை எடுத்ததும் திரை விழித்துக்கொண்டது. தேசங்கா திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று அவள் நினைத்த நேரத்தில் திஹோமிர் எடுத்தார், முகத்தில் கடுப்போடு. அவர் வாய் திறக்குமுன் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நானே காசு குடுத்து எனக்கு ஆப்பு வெச்சுக்கிட்டேனா! கழட்டி வெச்சிடுங்க தேசங்கா."

"மாட்டேன். இதப் போட்டாத்தான் நீங்க பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு. வேற வழி சொல்லுங்க."

"கைய இப்படி ஓரமா வெச்சுக்கிட்டாலே போதும்க்கா" என்றான் நேனாத். அவன் பேச்சை ஒருவரும் காதில் வாங்கவில்லை. திஹோமிர் சட்டென்று எழுந்து போனார். திரையில் காலி நாற்காலி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"மறுபடி போயிடுச்சா?" என்று டார்ச்சைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த நேனாத் பதறினான்.

"படம் இருக்கு தம்பி. ஆளைத்தான் காணோம்."

பெட்டி போல எதையோ பரணிலிருந்து இழுத்துப்போடுகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து திஹோமிரின் குரல் வந்தது. "தேசங்கா, நாளைக்குக் காலைல மொதல் பஸ்ஸப் புடிச்சா, நீஷுக்கு எப்ப வந்து சேருவேன்?"

"சாப்பாட்டு நேரத்துக்கு" என்றாள் தேசங்கா.