அழிக்க முடியாத பெயர்

அடி அண்ணாமலை ஊர்க் காசியம்மாள் தன் கணவரின் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அது அந்த ஊர் மலையின் இன்னொரு பெயரும்கூட என்பதால் கும்பிடும்போதும் “சாமி” என்றே முடித்துக்கொள்வாள்.

கார்த்திகையில் வேர்க்கடலை விதைத்தவர் மார்கழியில் மாரடைப்பில் போய்விட்டார். பிறகு காகித வேலை தொடங்கியது. குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்கம். மனிதர் ஒருமுறை போனது போதாதா?

ஒரே இடத்தில் அவர் மிச்சமிருந்தார்: கடலை கைமாறுவதைக் குறித்துவைக்கும், விவசாயிகள் சங்கத்தின் பிளாக்செயின் பதிவில். விதைத்தவர், லாரிக்காரர், எண்ணெய் ஆலை என எல்லோர் கைபேசியிலும் அதே பதிவுதான். அங்கிருந்தும் அவரை எடுத்துவிடுவார்களே என்று, பங்குனியில் கடலை பிடுங்கியதும் அவர் கைபேசியிலேயே, அவர் பெயரிலேயே மூட்டைகளைப் பதிந்து அனுப்பிவிட்டாள்.

ஆலையிலிருந்து அவரைக் கேட்டபோது, “வெளிய போயிருக்காருங்க” என்றாள். அதே லாரியில் கடலை ஏற்றியிருந்த பக்கத்து வீட்டுக்காரர், விவரம் தெரியாமல் ஆலைக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். செத்தவர் எப்படிக் கடலை பிடுங்கினார்? பதிவே பொய் என்று, அந்த லாரியில் வந்த ஊர்க்கடலை மொத்தமும் ஆலை வாசலில் நின்றது.

பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்செல்வி டவுனிலிருந்து ஓடிவந்தாள்.

“ஏம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“பேர நீக்கிடுவீங்கதானே?”

“இதுல நீக்கவே முடியாதுங்கம்மா. அவரு வெதச்சது அவரு பேர்லயே நிக்கும். அவருக்கு அப்புறம் நீங்கன்னு கீழ புதுசா சேக்கணும், அவ்ளோதான்.”

“யாராலயும் அழிக்க முடியாதா?”

“என்னாலயும் முடியாது, ஆலைக்காரங்களாலயும் முடியாது.”

காசியம்மாளுக்குப் பொய் சொன்ன வெட்கம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய ஆறுதல் ஒரு பக்கம். தமிழ்செல்வி கைபேசியை நீட்டி, குரலில் சொன்னால் போதும், குரலும் சேர்ந்தே பதிவாகும் என்றாள்.

“வெதச்சது... சாமி பேருதான்...”

‘சாமி’ என்று எழுதிக்கொண்டது கைபேசி.

“முழுப் பேரு சொல்லுங்கம்மா.”

காசியம்மாள் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். “அருணகிரி” என்றாள். “வெதச்சது அருணகிரி. மார்கழியில செத்துட்டாரு. புடுங்குனது அவரு பொண்டாட்டி காசியம்மா.”

மதியத்துக்குள் ஆலையின் கதவு திறந்தது. கிளம்ப எழுந்த தமிழ்செல்வியை அவள் விடவில்லை.

“நான் சொன்னத இன்னொரு வாட்டி போட்டுக் காட்டும்மா.”

தன் குரலில் அந்தப் பெயரைக் கேட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“இருக்கறப்ப ஒரு வாட்டியாவது கூப்புட்டிருக்கலாம்” என்றாள்.