கொக்குக்கால் கதிரை

நான் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றில் என் மாமிக்குப் பிடிக்காமல் போனவை இரண்டு. ஒன்று என் வாய். மற்றது அப்பா தந்துவிட்ட தேக்குக் கதிரை.

ஐம்பதுகளின் கடைசியில் கொழும்பில் வேலை பார்த்தபோது அப்பா ஆசைப்பட்டு வாங்கியது அது. அந்தக் காலத்துப் புது மோஸ்தர். செதுக்கலும் இல்லை, பூ வேலையும் இல்லை. மெல்லிய கால்கள் கீழே போகப் போக ஒடுங்கி, வெளிப்பக்கம் சற்று விரிந்து நிற்கும். இருக்கை தாழ்வாக இருக்கும், முதுகு அளவோடு சரிந்திருக்கும். மெத்தைக்கு அடியில் பலகை கிடையாது. ரப்பர் பட்டிகளை இழுத்துப் பூட்டியிருப்பார்கள். மாமி அதை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, கொக்கின்ரை கால் மாதிரி? ஆள் இருந்தா முறியாதோ?"

"கொக்கு முறியாமல்தானே நிக்குது, மாமி," என்றேன். கலியாணம் முடிந்து ஒரு கிழமைகூட ஆகாத மருமகள் சொல்லக்கூடிய பேச்சில்லை அது. கதிரை வெங்காயம் அடுக்கும் அறைக்குப் போய்விட்டது. நான் மட்டும் வீட்டின் முன்பகுதியில் தங்கிவிட்டேன்.

சண்டையால் பாதைகள் மூடி, மின்சாரமும் போய், சவர்க்காரம் முதல் மண்ணெண்ணெய் வரை எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த காலத்தில்தான் அந்தக் கதிரை திரும்ப வெளியே வந்தது. என் கணவர் கணக்கு வாத்தியார். அச்சுவேலியிலும் சுற்றுவட்டாரத்திலும் சைக்கிளில் ஓடித்திரிந்து படிப்பிப்பார். ஒரு மாரிகாலத்தில் பின்னால் அரிசி மூட்டையோடு வரும்போது வெள்ளத்துக்குள் இருந்த பள்ளம் தெரியாமல் விழுந்தார். மூட்டை அவர்மேல் விழுந்தது. சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர், எலும்பு முறியவில்லை, முதுகுத் தட்டு விலகியிருக்கிறது என்றார். நோவு குறைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து இருந்து பழக வேண்டும், படுத்தே கிடந்தால் தசை வற்றிவிடும், பிறகு நடை கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார்.

இருக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நிமிர்ந்த மரக் கதிரையில் இருத்தினால் முகம் வெளிறிவிடும். சாக்குத்துணி போட்ட சாய்மனைக் கதிரையில் விட்டால் குழிக்குள் போனவர்போல் புதைந்துவிடுவார், எழுப்ப முடியாது. மாதக்கணக்கில் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். வலி என்றுகூடச் சொல்ல மாட்டார். வாயாடியான எனக்கு வாய்த்த மனிதர் பேச்சை விட்டது எனக்குப் பயமாக இருந்தது. மிகவும் பயமாக இருந்தது.

அப்போதுதான் கொக்குக்காலின் நினைவு வந்தது. வெங்காயச் சருகை உதறி முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். உயரமும் சரிவும் அவருக்கென்றே அளந்து செய்தவை போல இருந்தன. ஆனால் ஒரு கால் ஆடியது. ரப்பர் பட்டிகள் அப்பளம் மாதிரி நொறுங்கின. மெத்தைக்குள் இருந்த ஸ்பொஞ்ச் மாவாகியிருந்தது.

கதிரை திருத்த எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கழற்றினால் தானாகத் தெரிகிறது. காலை இழுத்தெடுத்து, மூட்டுக்குள் இறுகிக் கிடந்த பழைய பசையைச் சுரண்டினேன். தச்சு வேலைக்காரரிடம் கொஞ்சம் வச்சிரப் பசை வாங்கிக் காய்ச்சி ஒட்டி, கயிற்றைச் சுற்றி, நடுவில் ஒரு தடியைச் செருகி முறுக்கி, அசையாமல் காயவிட்டேன். மெத்தைக்கு இலவம்பஞ்சு அடைத்தேன். பட்டிக்குத்தான் வழி தெரியவில்லை.

"என்ரை சைக்கிள் ரியூப் ரெண்டையும் வெட்டும்," என்றார் அவர் பாயில் கிடந்தபடி. கனநாளைக்குப் பிறகு அவராகப் பேசிய பேச்சு அது. "சும்மாதானே தூங்குது. இனி எனக்கென்னத்துக்கு?"

சைக்கிள் விறாந்தையில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளில் வீட்டில் ஓடாமல் நிற்கிற சைக்கிள் என்றால் ஊரே கண் வைக்கும். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்லி அதைக் காப்பாற்றியவள் நான்.

"வெட்டுறன்," என்றேன். "முதல்ல உங்கடை நாக்கை வெட்டிப்போட்டு வந்து அதை வெட்டுறன்."

குசினிக்குள் போய் அழுதேன். அழுது முடித்து, காசுக்குப் பதிலாக வெங்காயக் கட்டொன்றைத் தூக்கிக்கொண்டு சந்தியிலிருந்த சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒட்டுக்கு மேல் ஒட்டாக இருந்த பழைய ரியூப்புகளை எடுத்துப் போட்டார்.

"அக்கா, உது ஒண்டும் காத்துப் பிடிக்காது."

"எனக்குக் காத்து வேண்டாம். ஆளைப் பிடிச்சாக் காணும்."

ரியூப்பை நீளவாக்கில் பிளந்து, இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, சட்டத்தின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக எடுத்து, இழுத்துப் பிடித்துச் சப்பாத்து ஆணி அடித்தேன். நெடுக்கும் குறுக்குமாகப் பாய் பின்னுவதுபோல் பின்னினேன். மாமி தூணோடு நின்று பார்த்தார். சிதறிய ஆணிகளைப் பொறுக்கி என் கையில் தந்தார். எனக்கு அது பாராட்டுப்போலத்தான் பட்டது.

கதிரை என் கணவரை ஏற்றுக்கொண்டது. முதல் நாள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை இருந்தார். பிறகு பேப்பர் வாசிக்கும் வரை. பிறகு பின்னேரங்களில் பிள்ளைகள் கொப்பிகளோடு வரத் தொடங்கினார்கள். இருத்துவதற்கும் எழுப்புவதற்கும் மட்டும் ஒரு பக்கம் நான், மறுபக்கம் மாமி. கையைக் கொடுக்காமல் அவரால் எழ முடியவில்லை. கதிரையிலிருந்து பாய், பாயிலிருந்து கதிரை. அதற்கு மேல் ஒரு அடி இல்லை. சைக்கிள் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்.

அந்த வீட்டில் மரச் சாமான் எதுவானாலும் கறையானுக்குப் பயந்து மாமி வேப்பெண்ணெய் பூசுவார். கட்டில், அலுமாரி, கதவு நிலை, உலக்கை எதுவும் தப்பாது. வெள்ளிக்கிழமை வீடு கழுவி முடிந்ததும் எண்ணெய்ச் சீலையோடு புறப்பட்டுவிடுவார். வேப்பெண்ணெய் மணக்காத உருப்படி அங்கே நான் ஒருத்திதான். ஆகவே கதிரையிலும் அந்த மணம் வந்தபோது நான் பெரிதாக எடுக்கவில்லை. கொக்குக்காலை அவரும் வீட்டுச் சாமானாகச் சேர்த்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் காலை என் கணவர் அதில் இருந்தபடி கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சளக் என்றொரு சத்தம். திரும்பினால், சட்டத்துக்குள்ளே மனிதர் கீழே போய்விட்டார். முழங்கால் இரண்டும் நாடியோடு நிற்கின்றன. மாமி வாசலில் சிலையாகிவிட்டார். முதுகு போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர் சிரித்தார். கொப்பி நெஞ்சில் கிடந்து குலுங்கும்படி சிரித்தார். சிரித்துக்கொண்டே கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்து ஊன்றி, முனகி, ஒரு மூச்சில் எழும்பி நின்றார். நாங்கள் இருவரும் கை கொடுக்கவில்லை என்பது அவர் நின்ற பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

நான் கதிரையைக் கவிழ்த்தேன். பட்டிகள் பசைபோல் இளகி, ஆணியடித்த இடத்தில் கிழிந்திருந்தன. விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது.

"நான்தான் பிள்ளை," என்றார் மாமி. "அவன் இருக்கிற கதிரையெல்லோ எண்டு அடியிலையும் நல்லாத் தேய்ச்சனான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

ஏச வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. கோபத்தை எங்காவது கொட்ட வேண்டுமே. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். கடையில் பழைய ரியூப்பும் முடிந்துவிட்டதென்று போன கிழமைதான் கேள்விப்பட்டிருந்தேன். கதிரை இல்லாவிட்டால் மனிதர் திரும்பப் பாயில். சைக்கிளின் பின் சில்லைப் பிடித்து, டயரை நெம்பத் தொடங்கினேன்.

"இஞ்சரும். அதை வெட்டாதையும்."

"நீங்கள்தானே அண்டைக்கு வெட்டச் சொன்னனீங்கள்?"

"ஓம், அண்டைக்குச் சொன்னனான்." அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், ஒரு கை கதிரையின் கையில். "இப்ப அது எனக்கு வேணும்."

நான் டயரை மெல்ல அமர்த்தி விட்டேன். மாமி மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப கதிரைக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார். கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு கட்டு வெங்காயத்தோடு, சந்திக் கடையில் வேறேதும் ரப்பர் அகப்படுமோ என்று பார்க்கப் புறப்பட்டேன்.